மாப்பிள்ளையின் மொண்ணை அம்புகள்

அத்தியாயம் 6

“கையை நீட்டு” என்றாள் போலீஸ் அதிகாரி ஹில்மா கோர்பி.

“எதுக்கு பாஸ்? கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேக்குறதா இருந்தா, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்.”

“இடது கை. சட்டையை மடிச்சு விடு.”

அவளுடைய உதவிக் காவலன் லபோ மடித்து விட்டு நீட்டினான். ஹில்மா துணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இரும்பு அம்புமுனை, நடுவிரல் நீளம், இரண்டு பக்கமும் விளிம்பு. அதை அவன் முன்கையில் படுக்க வைத்து ஒரே ஒரு தடவை இழுத்தாள். சோப்பில்லை, தண்ணீரில்லை. செம்பட்டை முடி கொத்தாக ஜீப்பின் முன்மூடியில் விழுந்தது. கையில் உரித்த கோழி மாதிரி ஒரு பட்டை.

“இதை யாராவது கழுவினாங்களா?”

“டாக்டர் கழுவியிருப்பாரு.”

“கழுவியிருப்பாராமே!” லபோ கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டான். அந்த முனைதான் சனிக்கிழமை விடியற்காலையில் ரெய்னோ ஹௌதாலாவின் முதுகில் நுழைந்து, மார்பில் வெளியே வந்து, எதிரே நின்ற பட்டுப்போன தேவதாரு மரத்தில் இறங்கியது. மரத்தை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரெய்னோ மான் வேட்டைக்குத் தன் பரணை நோக்கி நடந்துகொண்டிருந்தவர். இது அக்டோபர், வில் வேட்டைக்காலம். அந்தக் குடிலில் நான்கு பேர் தங்கியிருந்தார்கள். ரெய்னோ, அவர் தம்பி வாய்னோ, மகள் ஐலி, ஐலியின் புருஷன் கிளிஃப்.

“இது யார் அம்பு?” என்றாள் ஹில்மா.

“அதான் ஊருக்கே தெரியுமே. மஞ்சள் இறகு, ஆரஞ்சுக் கோடு. மாப்பிள்ளை கிளிஃபோடது. வேற எவனும் அம்புக்குக் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி பெயின்ட் அடிக்க மாட்டான்.”

“மாப்பிள்ளைக்குத் தீட்டத் தெரியுமா?”

லபோ தன் மொட்டையான முன்கையைப் பார்த்தான்.

“அட!” என்றான்.

கிளிஃப் பிரெஸ்காட் டெட்ராய்ட் பக்கத்துப் பையன். அதாவது பெரிய பாலத்துக்குத் தெற்கே இருந்து வந்தவன். இங்கே ஏரிக்கு வடக்கே இருக்கிறவர்களுக்கு அப்படி வந்தவர்கள் எல்லாரும் பாலத்துக்கு அடியில் குடியிருக்கும் பூதங்கள். கல்யாணமாகி நான்கு வேட்டைக்காலம் ஆகியும் ரெய்னோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டாட்டத்துக்கு நடுவே அவன் அம்பு ஒன்றை உருவி, எல்லார் முன்னாலும் அதன் முனையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவித் தின்றார். “இதுக்குன்னே செஞ்சது போல இருக்குடா பூதம்” என்றாராம். சொன்னது வாய்னோ. அவர் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரித்தார். செத்தவனின் தம்பி சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை.

“அப்போ இது மாப்பிள்ளை வேலை இல்ல” என்றான் லபோ. “யாரோ அவன் அம்பைத் திருடி, அவன் தலையில கட்டப் பாத்திருக்காங்க. ஆனா மொண்ணை முனையை எய்ய மனசு வரல. கை அரிச்சிருக்கு. உக்காந்து தீட்டிட்டாங்க.”

“பரவால்லையே. முடி போனதும் மூளை வேலை செய்யுது.”

“அப்படின்னா வாய்னோ.”

“சத்தமா சொல்லாத.” ஹில்மா முனையைத் துணியில் சுற்றினாள். “நான் சொல்லும்போது சத்தமா சொல்லு.”

அவள் குடிலை நோக்கி நடந்தாள். ஐம்பத்தெட்டு வயது, அகலமான தோள், போலீஸ் மேல்சட்டை. வழியில் நீராவிக் குளியல் கொட்டகை. அதன் வெளிச்சுவர் ஆணியில் கிளிஃபின் அம்புப்பை தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் ஐந்து அம்புகள். மஞ்சள் இறகுகள் மட்டும் வெளியே தெரிந்தன.

“இதை ஏன் இன்னும் ஜீப்ல போடல பாஸ்?”

“ஜீப்ல இடமில்ல.”

ஜீப்பில் ஒரு பழைய டயரும் லபோவின் தொப்பியும் தவிர வேறெதுவும் இல்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் குடில் கதவு திறந்தது.

வாய்னோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். “ஏம்மா ஹில்மா, ரெண்டு நாளாச்சு. அவனை ஏத்திட்டுப் போறதுக்கு உனக்கு என்ன, மேளதாளம் வேணுமா? அவன் அம்பு. அவன் வில். எங்கண்ணன் முதுகு. வேற என்ன வேணும்?”

“வாய்னோ, ஒண்ணு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ரெய்னோ அம்பு தீட்டினாரா?”

“இல்ல. அவனோடதை வியாழக்கிழமையே முடிச்சுட்டான். வெள்ளிக்கிழமை சீட்டு, காபி, மாப்பிள்ளையை வம்புக்கிழுக்கிறது. நான் போய்ப் படுத்துட்டேன்.”

“நீங்க தீட்டினீங்களா?”

“என்னோடதைத் தீட்டினேன். வேற யாரோடதைத் தீட்டுவேன்?” அவர் கேட்ட விதத்தில், நீ யார் பல்லைத் தேய்ப்பாய் என்று கேட்பது போல் இருந்தது. “அவனவன் முனையை அவனவன் தீட்டணும். மொண்ணை முனை பட்டா மான் படக்குனு சாகாது. ரத்தக்குழாய் நழுவிடும். ரெண்டு மைல் ஓடிப் புதர்ல கிடந்து துடிக்கும். அந்தப் பாவத்தை யார் சுமக்கிறது? எய்தவன்தான். அதனால இந்தக் குடில்ல ஒருத்தன் முனையை இன்னொருத்தன் தொடமாட்டான்.”

உள்ளே விறகடுப்பு பேயாட்டம் உறுமிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிப் போடலாம் போல அனல். வாய்னோ பனியனோடு இருந்தார். லபோ சட்டைக் கையை மடித்தே விட்டிருந்தான். ஹில்மா மட்டும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டபடி உட்கார்ந்தாள். நெற்றியில் வேர்வை மணியாக நின்றது. ‘வயசாகுது, குளிருது போல’ என்று லபோ நினைத்துக்கொண்டான்.

மூலையில், ஜன்னல் ஓரம், கிளிஃப் உட்கார்ந்திருந்தான். ஒல்லி. கண்ணாடி. இரண்டு நாள் தாடி. யாராவது பேசும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டான், அடி விழப்போகிற மாதிரி.

ஐலி சமையல் மேடையில் மாவை மடித்து உள்ளே இறைச்சியும் டர்னிப்பும் வைத்து விளிம்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏற்கெனவே ஒரு தட்டு பேஸ்டி வெந்துகொண்டிருந்தது. அப்பா செத்து இரண்டு நாள்தான் ஆகிறது. ஆனால் அவளால் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் மாவுக் கையோடு ஹில்மாவிடம் வந்தாள்.

“ஹில்மாக்கா.” குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு அப்பாவும் போயாச்சு. இவரையும் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா நான் யாரோட இருக்கிறது? இவரால ஒரு முயலைக்கூட கொல்ல முடியாதுக்கா. நாலு வருஷமா வரார். ஒரு மானுக்குக்கூட அம்பு விட்டதில்ல. அப்பாவுக்குப் பயந்துதான் வரதே.”

“தெரியும்மா. வேலையைப் பாரு. பசிக்குது.”

பிறகு ஹில்மா குரலை உயர்த்தினாள். “கிளிஃப் தம்பி. சனிக்கிழமை காலைல என்ன பண்ணினேன்னு திரும்ப ஒரு தடவை சொல்லு.”

“தூங்கிட்டேன் மேடம்.” கண்ணாடியைச் சரிசெய்தான். “எழுந்தப்போ எல்லாரும் போயிட்டாங்க. அம்புப்பையைத் தொடவே இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகைச் சுவத்துல மாட்டினதுதான். அதுக்கப்புறம் ஐலி கத்துற சத்தம் கேட்டு ஓடினேன்.”

“மாமனாரைப் பாக்கவே இல்ல?”

“இல்ல.”

“பொய்” என்றார் வாய்னோ.

“பொய்யா இருக்க முடியாது வாய்னோ. லபோ, இப்போ சொல்லு. சத்தமா.”

லபோவுக்கு இந்த இடம் பிடிக்கும். எழுந்து நின்று, மொட்டையடித்த முன்கையை எல்லாருக்கும் தெரிகிறபடி தூக்கிக் காட்டினான்.

“பெரியோர்களே. இது என் கை. அரைமணி நேரம் முந்தி வரைக்கும் இதுல முடி இருந்தது. என் சம்சாரம் ஆசையா வளத்தது. கொலை பண்ணின முனை இதை ஒரே இழுப்புல எடுத்துடுச்சு. இந்த மாப்பிள்ளை தீட்டினா வெண்ணெய்தான் தடவ முடியும்னு நீங்களே சொன்னீங்க. அப்போ இவர் அம்பை யாரோ திருடி, கை பழகின யாரோ, உக்காந்து தீட்டி, எய்திருக்காங்க. மாப்பிள்ளை சார், உங்களைக் காப்பாத்தினது உங்க சாமர்த்தியம் இல்ல. உங்க கையாலாகாத்தனம். வாழ்நாள் பூரா அதை விட்டுடாதீங்க.”

கிளிஃபின் முகத்தில் முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு வாய் மெல்லத் திறந்தது. ஐலி மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கிலும் கன்னத்திலும் மாவு.

“கை பழகின யாரோ” என்று வாய்னோ மெதுவாகச் சொன்னார். ஹில்மாவைப் பார்த்தார். “என்னையா சொல்ற?”

“இன்னும் சொல்லல. ஒண்ணு பாக்கணும். மாப்பிள்ளையோட மிச்ச அம்புங்க அந்தப் பையிலயே இருக்கு, நான் இன்னும் அதைத் தொறக்கல. திருடினவன் தனக்கு வேண்டிய ஒண்ணைத்தான் தீட்டியிருப்பான். மிச்சம் அஞ்சும் மொண்ணையா இருந்தா, கிளிஃப் இன்னைக்கே பொண்டாட்டியோட வீட்டுக்குப் போகலாம். வாய்னோ என்னோட வரணும்.” ஹில்மா நாற்காலியை மேசைக்கு இழுத்தாள். “சாப்பிட்டுட்டுப் பாக்கலாம். வாய்னோ, இங்க, என் எதிர்ல உக்காருங்க. எழுந்திரிக்கக் கூடாது. லபோ, கதவுக்கும் அவருக்கும் நடுவுல நீ.”

“முப்பது வருஷமா உன் புருஷனோட வேட்டைக்குப் போனவன் நான்” என்றார் வாய்னோ. குரல் உடைந்தது. “அவன் சவப்பெட்டியைத் தூக்கினவன்.”

“நல்லா தூக்கினீங்க. பேஸ்டி எடுத்துக்கோங்க.”

லபோவுக்கே அது உறைத்தது. ஹில்மா இப்படித்தான். ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்.

ஐலி ஓடி ஓடிப் பரிமாறினாள். ஹில்மாவின் தட்டில் ஒன்று வைத்தவள், கேட்காமலே இன்னொன்றும் வைத்தாள். காபி ஊற்றினாள். போகிற போக்கில் கிளிஃபின் தலைமுடியைக் கோதிவிட்டாள். வாய்னோ தட்டைத் தொடவில்லை. மேசையில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளிஃப் பாதியில் எழுந்தான். “கழிப்பறைக்குப் போயிட்டு வரேன்.”

கழிப்பறை வெளியே, கொட்டகைக்குப் பின்னால்.

“போயிட்டு வா தம்பி” என்றாள் ஹில்மா, வாயில் இறைச்சியோடு. “ஐலி, இதுல மிளகு சரியா இருக்கு. உங்கம்மா கம்மியாத்தான் போடுவாங்க.”

லபோ தன்னுடையதை முடித்து, வாய்னோவின் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டான். “கைதியோட சாப்பாடு அரசாங்கத்துக்குச் சொந்தம்” என்றான். யாரும் சிரிக்கவில்லை. கிளிஃப் திரும்பி வந்தபோது இடது கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

“என்னங்க ஆச்சு?” ஐலி பதறினாள்.

“கதவுல ஆணி. கீறிடுச்சு.”

அவள் துணி கிழித்து, விரலைத் தண்ணீரில் கழுவி, ஊதி ஊதிக் கட்டினாள். ஹில்மா அதைப் பார்த்துக்கொண்டே காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“சரி” என்றாள். “லபோ, பையைக் கொண்டு வா.”

லபோ கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தான். ஐந்து மஞ்சள் அம்புகள். ஹில்மா ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். “வலது கையில முடி இருக்கில்ல?”

“இதுவும் போனா நான் குளிருக்கு என்ன பண்ணுவேன்?” என்றபடி அவனே இழுத்துப் பார்த்தான். முனை தோலில் வழுக்கியது. முடி மடங்கி மறுபடி நிமிர்ந்தது. அடுத்தது. அதுவும் அப்படியே. ஐந்தும்.

“மொண்ணை!” லபோ கத்தினான். “அஞ்சும் மொண்ணை. இதை வச்சு சவரம் பண்ணினா தாடி வளரும்.”

ஐலி கிளிஃபின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாய்னோ அசையவே இல்லை. அவருடைய முகம் ஒரே நிமிஷத்தில் பத்து வயது கூடிப்போயிருந்தது.

ஹில்மா இடது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினாள். சட்டைக் கையை மெதுவாக, மடிப்பு மடிப்பாக, முழங்கை வரை சுருட்டினாள். முன்கையை மேசைமேல் வைத்தாள்.

நரைத்த முடிக்கு நடுவே, வரிசையாக, ஐந்து மொட்டைப் பட்டைகள்.

“காலைல லபோ காபி வாங்க உள்ள வந்தப்போ நான் கொட்டகைப் பக்கம் நின்னேன்” என்றாள். “அஞ்சு முனை, அஞ்சு இழுப்பு. அஞ்சும் சரைச்சுது. கொலை பண்ணின முனையை விட ஒரு இழை அதிகமாவே.”

வாய்னோ தலையை நிமிர்த்தி அந்தப் பட்டைகளைப் பார்த்தார்.

“இப்போ மொண்ணையா இருக்கு. நடுவுல வெளிய போனது ஒருத்தன்.” அவள் ஒரு அம்பை விளக்கு வெளிச்சத்துக்குத் தூக்கினாள். “பாரு லபோ. சரிவு ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி இருக்கு. அரம், கல், தோல்பட்டை எல்லாம் பட்ட வேலை. நுனி விளிம்பு மட்டும் செத்துப்போயிருக்கு. கொட்டகை வாசப்படிக் கருங்கல்லுல தேச்சிருக்கான். அவசரத்துல விரலைக் குடுத்துட்டான். மொண்ணை முனை ரத்தம் எடுக்குமா கிளிஃப்?”

கிளிஃப் கட்டுப்போட்ட விரலை மறுகைக்குள் ஒளித்தான்.

“அம்புப்பையைத் தொடவே இல்லன்னு சொன்ன. அது கூரா இருந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அப்போ தீட்டினது யாரு?” என்றான் லபோ. கேட்கும்போதே தான் ஒரு தூண்டில் புழுவாக இருந்திருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ரெய்னோ இடக்கையர். தீட்டினா வலது கையிலதான் சோதிப்பார். பிணவறையில பாத்தேன். வலது கை முழங்கை வரைக்கும் புதுசா வழிச்சிருக்கு. சட்டைக்குள்ள இன்னும் முடி உதிர்ந்து கிடந்தது. தன்னோடதை வியாழக்கிழமையே முடிச்சவர் வெள்ளிக்கிழமை யாருக்காகத் தீட்டினார்?”

ஐலியின் கைகள் கிளிஃபின் கழுத்திலிருந்து தாமாகவே கீழே வந்தன.

கிளிஃப் கண்ணாடியைக் கழற்றினான். இப்போது அவன் தலை குனியவில்லை.

“காலைல எழுப்பினாரு” என்றான். “கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அம்பை உருவி என் கண்ணு முன்னாலயே கையில இழுத்துக் காட்டினாரு. எல்லாத்தையும் தீட்டியிருந்தாரு. ‘இனிமே நீ எய்தாக்கூட சாகும்டா பூதம்’னாரு. சிரிச்சாரு. நாலு வருஷம் ஐலி. ரொட்டி, வெண்ணெய், பூதம். அப்புறம் முதுகைக் காட்டி நடந்தாரு. என்கிட்ட இருந்து எதுவும் வராதுன்னு அவ்ளோ நம்பிக்கை அவருக்கு. அம்பைப் பிடுங்கிடலாம்னு பாத்தேன். மரத்துல இருந்து வரல. அதுக்குள்ள நீ அப்பான்னு கூப்பிட்டுட்டே வந்துட்ட.”

வாய்னோ அப்போதுதான் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து லபோ குறுக்கே வந்தான். ஆனால் வாய்னோ கிளிஃபின் எதிரே போய், அவன் முகத்துக்குச் சரியாகக் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“எங்கப்பன் கண்ணு மங்கிப்போய் உக்காந்திருந்தப்போகூட ரெய்னோ அவர் முனையைத் தீட்டிக் குடுத்ததில்ல. என்னோடதைத் தொட்டதே இல்ல. எவனோடதையும் தொட்டதில்ல. உன்னோடது ஆறையும் ராவெல்லாம் உக்காந்து தீட்டியிருக்கான். உன் பாவம் என் பாவம்னு ஏத்துக்கிட்டிருக்கான். அவனுக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாதுடா. உன்னை வீட்டுக்குள்ள கூப்பிட்டான்டா மாப்ள. அதைக் கேட்டுட்டு நீ முதுகுல எய்திருக்க.”

கிளிஃப் ஏதோ சொல்ல முயன்றான். தாடை மட்டும் ஆடியது. வாய்னோ அது நிற்கும் வரை பக்கத்திலேயே நின்று ரசித்துப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

லபோ கிளிஃபுக்கு விலங்கு மாட்டி வாசல் வரை நடத்தினான். பின்னால் ஐலியின் குரல் கேட்டது. கத்தவில்லை.

“காலைலயே தெரியும் உங்களுக்கு. தெரிஞ்சுகிட்டேதான் என் கையால வாங்கிச் சாப்பிட்டீங்க.”

“ஆமா” என்றாள் ஹில்மா.

“ரெண்டு.”

“ஆமா. ரெண்டு.”

ஹில்மா தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மேப்பிள் இலைகள் முற்றமெல்லாம் சிவப்பாகக் கிடந்தன. ஐலி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாவு இன்னும் முகத்தில் இருந்தது.

“ஹில்மாக்கா. ஒண்ணு மட்டும். அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?”

ஹில்மா திரும்பினாள். அவள் முகம் இளகியதை இந்த வழக்கு தொடங்கியதிலிருந்து லபோ முதல் தடவையாகப் பார்த்தான்.

“இல்லம்மா. அவர் தீட்டின முனை. யாரோ முதுகுல தள்ளின மாதிரி இருந்திருக்கும். அவ்ளோதான். ஒரு நொடி.”

ஐலி கன்னத்து மாவைப் புறங்கையால் துடைத்தாள்.

“அவரை மொதல்ல பாத்தது நான்தான்க்கா” என்றாள். “பத்து விரல் நகத்துலயும் மண்ணு இருந்துது. குடிலைப் பாத்துத்தான் ஊர்ந்து வந்திருக்கார்.”

கதவைச் சாத்தினாள்.